பெய்வது யார்?

எவரிஸ்தோ லொவுரிதோ பாசோஸ் தன் விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'பெய்கிறது' என்பதை ஆங்கிலத்தில் எழுதுக என்பது கேள்வி. அவர் எழுதியிருந்தது 'இஸ் ரெய்னிங்'. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'யார்?'

ஐம்பத்து நான்கு வயது அவருக்கு. நாற்பது வருடமாக எங்கள் கழிமுகத்தில் மழையில் நனைந்தபடி படகு ஓட்டுகிறார். பெய்வது யார் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

எங்கள் மொழியில் ஏன் அது தோன்றாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. ஸ்பானிஷில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பான். 'வந்தேன்' என்றால் வந்தது நான். 'வந்தோம்' என்றால் நாங்கள். 'நான்' என்று முன்னால் தனியாகச் சொல்வது பெரும்பாலும் சண்டை போடும்போதுதான். 'பெய்கிறது' என்று ஒரு சொல் சொன்னால் கேட்டவர் குடையை எடுப்பார். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

எவரிஸ்தோவுக்கு முடியவில்லை. அவருடைய படகின் பெயர் 'பிடிவாதக்காரி'. சந்தியாகோ பேராலயத்துக்கு நடந்துபோகும் யாத்ரீகர்களை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஏற்றிப்போகும் படகு. அதில் பதினைந்து நிமிடம். சாலையில் சுற்றிக்கொண்டு நடந்தால் முப்பத்தொரு கிலோமீட்டர். இந்த வசந்தத்தில் ஓர் ஆணை வந்தது. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றும் எவரும் 'நடைமுறை ஆங்கில இலக்கணமும் பயணச் சொற்களும்' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். செப்டம்பர் முப்பதுக்குள் வாங்காவிட்டால் உரிமம் ரத்து. படகைக் கரையேற்றிவிட வேண்டியதுதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று தேர்வு எழுதி மூன்றிலும் தோற்றார். எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்று அகப்பட்டாலும் தாள் முழுவதற்கும் பூஜ்யம் என்பது விதி. இனி மிச்சமிருந்தது செப்டம்பர் இருபத்தேழு மட்டும்.

சான்றிதழ் தருவது மாகாணப் பயணமொழி நிறுவனம். முன்பு மத்தி மீனை டப்பாவில் அடைத்த கட்டடத்தில் இருக்கிறது. எங்கள் மொழியில் வெற்றிக்கு 'எக்ஸிதோ' என்று பெயர். நிறுவனத்தின் இயக்குநர் தோன் பால்தசார் ரெகேஹோ ('தோன்' என்றால் ஐயா, 'தோன்யா' என்றால் அம்மா), அந்தச் சொல்லின் வாலை நறுக்கினால் ஆங்கிலமாகிவிடும் என்று முடிவு செய்து, வாசலில் 'உத்தரவாதமான எக்ஸிட்' என்று ஆளுயர எழுத்தில் எழுதிவைத்திருந்தார். ஊரைவிட்டு வெளியே போக வழி தேடிய யாத்ரீகர்கள் அதைப் பார்த்து முதுகுப்பையோடு உள்ளே நுழைவார்கள். நீளமான நடைகூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போவார்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கை அவர்களை 'பார்வையிட வந்த வெளிநாட்டு அறிஞர்கள், 214 பேர்' என்று குறித்திருந்தது.

முதல் நாள் வகுப்பைத் தோன் பால்தசாரே தொடங்கிவைத்துப் பேசினார்.

"இருபத்தாறு வருஷமா இந்த நிறுவனத்தை நடத்திக்கிட்டு வர்றேன். இதுவரைக்கும் ஒரு இங்கிலீஷ்காரன்கிட்டயும் நான் பேசினதில்ல. பேசியிருந்தா என் நடுநிலைமை கெட்டுப்போயிருக்கும். எங்க மாணவர்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்திநாலு பேர் அடுத்த வருஷமும் வர்றாங்க. அதுக்கு அடுத்த வருஷமும் வர்றாங்க. இவ்வளவு விசுவாசம் வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது உண்டா?"

எல்லோரும் கைதட்டினார்கள். வருகைப்பதிவில் கைதட்டலுக்கும் ஒரு கட்டம் இருந்தது.

வகுப்பில் ஆங்கிலம் பேசக் கூடாது. தப்பான உச்சரிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிக்கொள்ளும் என்பதால் அந்த ஏற்பாடு. கேட்டல் பயிற்சிக்கு இருபத்துநான்கு கூண்டுகளும் இருபத்துநான்கு காதுக்கருவிகளும் இருந்தன. கருவிகள் பழுதாகக் கூடாதென்று அவற்றின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை, மின்சாரத்திலும் இணைக்கவில்லை. மாணவர்கள் அவற்றை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் கவனமாகக் கேட்டுவிட்டு, கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எவரிஸ்தோ அதில் நாற்பதுக்கு முப்பத்தொன்று வாங்கினார். படகோட்டிக்குக் காது கூர்மை என்று பாராட்டினார்கள்.

பயணச் சொற்கள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. குதிரை மாற்றும் விடுதி, தொப்பிப்பெட்டி, தந்தி, கப்பல் மருத்துவர் என்று போகும் பட்டியல் அது. 'தண்ணீர்', 'ஏறுங்கள்', 'ஜாக்கிரதை' ஆகியவை அதில் இல்லை. கொச்சையாக இருக்கின்றன என்று ஆசிரியை தோன்யா பெர்மினா நீக்கிவிட்டிருந்தார். எவரிஸ்தோ ஒருநாள் தான் படித்ததை நடைமுறைப்படுத்திப் பார்த்தார். படகுத்துறையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம், உங்கள் தொப்பிப்பெட்டியைக் கப்பல் மருத்துவரிடம் ஒப்படைத்தாயிற்றா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். அந்த மனிதர் 'பிடிவாதக்காரி'யை ஒருமுறை பார்த்துவிட்டு, முப்பத்தொரு கிலோமீட்டரையும் நடந்தே போனார்.

துறையில் எவரிஸ்தோவின் மனைவி தொரிந்தா சிப்பிக்கடை வைத்திருக்கிறாள். ஆகஸ்ட் விடைத்தாளோடு அவர் வந்த வேகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்ன, இந்தத் தடவையும் ஊத்திக்கிச்சா?"

"பெய்யறது யாருன்னு கேக்கறாங்க, தொரிந்தா."

"யாரு பெய்யறது?"

"அதைத்தான் கேக்கறாங்க."

"வெளியில வந்து அண்ணாந்து பாக்கச் சொல்லு. மூஞ்சியில விழுந்தா தெரிஞ்சுட்டுப் போகுது."

"ஜூலையில மேகம்னு எழுதிப் பாத்தேன். மேகம் பெய்யாதாம், அங்க."

"மூணு மாசமா போற, மழைக்கு அப்பன் யாருன்னு இன்னும் கண்டுபிடிக்கல. நான் 'யெஸ் யெஸ்'னு ரெண்டே வார்த்தைய வச்சுக்கிட்டு காலையிலருந்து ஆறு கிலோ சிப்பி வித்துட்டேன்."

"அது ஒரே வார்த்தை."

"அதான் ரெண்டு தடவை சொல்றேன்ல."

மறுநாள் அவர் தோன்யா பெர்மினாவிடம் நேரடியாகவே கேட்டார்.

"தோன்யா, சரியான விடைதான் என்ன?"

"இட் இஸ் ரெய்னிங்."

"அந்த 'இட்' யாரு?"

தோன்யா பெர்மினா புத்தகத்தை மூடினார். "அது பாடத்திட்டத்துல இல்ல."

"வேற எங்கெல்லாம் அதைப் போடணும்?"

"நேரமாயிடுச்சுன்னு சொல்லப் போடணும். குளிருதுன்னு சொல்லப் போடணும். தூரம்னு சொல்லவும் போடணும்."

"எங்க போடக் கூடாது?"

"மத்த இடத்துல."

"அது யாருன்னு தெரிஞ்சாத்தானே தோன்யா, எங்க வரும், எங்க வராதுன்னு எனக்குப் புரியும்?"

"இருபது வருஷமா நானும் தெரியாமத்தான் சொல்லிக்கொடுக்கறேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு? எழுவாய் பத்தின சந்தேகமெல்லாம் ஒன்பதாம் நம்பர் ஜன்னல்ல கேளுங்க."

ஒன்பதாம் எண் ஜன்னலில் காசில்தா என்ற எழுத்தர் இருந்தார். எழுவாய் அடையாளப் படிவத்தில் மூன்று நகல் எடுத்துவைத்தார்.

"பேரு?"

"எவரிஸ்தோ லொவு..."

"உங்க பேரை யாரு கேட்டா? அவர் பேரு."

"இட்."

"முதல் குடும்பப் பேரு?"

"தெரியாதுங்க."

"ரெண்டாவது?"

"அதுவும் தெரியாது."

காசில்தா பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் நாட்டில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர் உண்டு. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. இரண்டும் இல்லாத ஆளை அவர் ஜன்னல் அதுவரை கண்டதில்லை.

"அப்பா பேர் தெரியாதவங்க உண்டு, ஒத்துக்கறேன். அம்மாவுமா இல்ல? இப்படிப்பட்ட ஒருத்தர் மழை பெய்யறார், மணியைக் காட்டறார், குளிரடிக்கறார், தூரத்தையும் அளக்கறார்னு சொல்றீங்க. எந்த அலுவலகத்துலயும் பதிவில்லாம. இதை நான் மேல அனுப்பியே ஆகணும்." சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார். ஜன்னல் மூடியது. மணி பத்தேமுக்கால்.

மேலே போன படிவத்தால் ஒரு குழு அமைந்தது. குழு மூன்று முறை கூடியது. மறைமாவட்டத்தின் பிரதிநிதியாக வந்த பாதிரியார், பெய்விப்பவர் கடவுள் என்பதில் ஐயமில்லை என்றார். ஆனால் கூட்டம் தாமதமாகும்போதும் அதே 'இட்' வருவதைக் காட்டியதும், அந்தப் பொறுப்பைத் திருச்சபை ஏற்காது என்று பின்வாங்கினார். தொழிற்சங்கத்துக்காரர் மேசையைத் தட்டினார்.

"மழை, குளிரு, மணி, தூரம். ஒரே ஆளு இத்தனை ஷிப்ட்டு பாக்கறான். லீவு இல்ல, ஒப்பந்தம் இல்ல. இங்கிலாந்துல இதைக் கேக்க நாதியில்லையா?"

கடைசியில் தோன் பால்தசார் தீர்ப்புச் சொன்னார். 'இட்' என்பவர் பத்து நாட்களுக்குள் அடையாள அட்டையுடன் நேரில் ஆஜராக வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பத்து நாட்களில் யாரும் வரவில்லை. பதினோராம் நாள் 'இட்' இடைநீக்கம் செய்யப்பட்டது. மறு உத்தரவு வரும்வரை எந்த மாணவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் தாளுக்குப் பூஜ்யம்.

"அப்போ 'பெய்யுது'ன்னு எப்படி எழுதறது, தோன் பால்தசார்?" என்று கேட்டார் எவரிஸ்தோ.

"எழுவாயோட எழுதணும்."

"எழுவாயைத்தான் தள்ளி வச்சுட்டீங்களே."

"ஆமா. அது ஒழுங்கு நடவடிக்கை. இலக்கணம் தனி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. நம்ம ஜனங்களுக்கு இங்கிலீஷ் வராததுக்குக் காரணமே இந்தக் குழப்பம்தான்."

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று கடலில் பெரிய ஏற்றம். அப்படிப்பட்ட நாளில் எங்கள் கழிமுகத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் வேகமாக ஏறும். ஆறு யாத்ரீகர்கள் துறையின் கடைசிக் கல்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முப்பது மீட்டர் தள்ளி, அவர்களுக்காகப் படகைக் கொண்டுவந்துகொண்டிருந்த எவரிஸ்தோ கையை ஆட்டிக் கத்தினார்.

"இஸ் ரைசிங்! இஸ் ரைசிங்!"

எங்கள் மொழியில் 'ஏறுது!' என்ற ஒரு சொல் போதும். துறையில் நிற்கும் நாய்கூட மேல்படிக்குப் போய்விடும். ஆறு பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏதோ ஒன்று எழுகிறது என்று அவர்களுக்குப் புரிந்தது. எது என்பதுதான் புரியவில்லை. காலை நேரம் என்பதால் அந்தக் காலி இடத்தில் அவர்களே சூரியனை வைத்துக்கொண்டார்கள். கிழக்குப் பக்கம் திரும்பி, மேகத்துக்குப் பின்னாலிருந்த சூரியனை வரிசையாகப் படம் எடுத்தார்கள். அதற்குள் காலணிக்குள் தண்ணீர் புகுந்து, முழங்காலைத் தொட்டது. ஒருவருடைய முதுகுப்பை மிதந்து போனது. எவரிஸ்தோ துரட்டியால் அதை மடக்கி இழுத்து, ஒவ்வொருவராகப் படகுக்குள் தூக்கிப்போட்டார்.

கடைசியாக ஏறியவர் வேல்ஸ் நாட்டு க்ளெனிஸ். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். ஆறு மாதம் ஸ்பானிஷ் படித்தவர். படித்ததெல்லாம் அந்தக் கோபத்தில் ஒன்றாக வெளியே வந்தது.

"நான் வந்தேன். நான் நின்னேன். நான் நனைஞ்சேன். நான் கோவமா இருக்கேன்!"

இந்த அம்மா ஏன் எல்லாவற்றுக்கும் முன்னால் 'நான் நான்' என்று சண்டைக்கு வருகிறார் என்று எவரிஸ்தோவுக்கு விளங்கவில்லை.

"ஏறுது, ஏறுதுன்னு கத்தினேனேம்மா."

"எது? எது ஏறுது? அதை நீங்க சொல்லல! நாங்க முதல்ல அதைத்தான் கேப்போம். அது வரலைன்னா மீதி காதுல ஏறாது."

"தண்ணிதான்."

"அப்போ 'வாட்டர் இஸ் ரைசிங்'னு சொல்லணும். முன்னாடி வாட்டரைப் போடணும்."

எவரிஸ்தோ விடவில்லை. "சரி, பெய்யுதுன்னா? அங்க முன்னாடி இருக்கறது யாரு? அந்த 'இட்'?"

க்ளெனிஸ் காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். "அதுவா? அது யாரும் இல்ல."

"யாரும் இல்லைன்னா எதுக்கு இருக்கு?"

"இல்லாம முடியாது. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

நனைந்த ஆறு பேரும் எஞ்சின் சூட்டுக்காகப் பின்பக்கம் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். 'பிடிவாதக்காரி'யின் எஞ்சின் இருப்பது பின்னால். முன்பக்கம் பாரம் இல்லாமல் வேகமெடுத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொள்ளும். எதிரே வருவது தெரியாது. காற்று படகைத் திருப்பிவிடும். முன் பலகையில் யாராவது உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும். ஆள் இல்லாத நாளுக்கென்று எவரிஸ்தோ ஒரு மணல் மூட்டை வைத்திருந்தார். அதை முன் பலகைக்கு இழுத்துப்போட்டார். மூக்கு இறங்கியது. படகு நேராக ஓடத் தொடங்கியது.

பாதி தூரம் போனதும் எவரிஸ்தோ அந்த மூட்டையை மறுபடி பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு நன்றாகப் பார்த்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஆறு பேரும் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி அவர் அந்த மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு தேர்வுக்குப் போனார். நிலுவையில் உள்ள எழுவாய் வழக்கின் மனுதாரர் என்பதால், குழு முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. எவரிஸ்தோ மூட்டையை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் மணல் சிந்தியது.

"இது என்ன?" என்றார் தோன் பால்தசார்.

"இட்."

தோன்யா பெர்மினா எட்டிப் பார்த்தார்.

"ஆஜராகச் சொன்னீங்க. கூட்டிட்டு வந்துட்டேன். தோன் பால்தசார், இங்கிலீஷ் வாக்கியம் என் படகு மாதிரி. முன்னாடி பாரம் இருந்தாத்தான் ஓடும். நம்ம வாக்கியத்துக்குப் பாரம் வால்ல இருக்கு, முன்னாடி யாரும் வேண்டாம். அவங்களுக்கு வால்ல ஒண்ணும் இல்ல. ஆள் இருந்தா ஆளை முன்னாடி உக்கார வைப்பாங்க. தண்ணி ஏறினா தண்ணியை உக்கார வைப்பாங்க. பெய்யறதுக்கு, நேரமாறதுக்கு, குளிரறதுக்கெல்லாம் ஆளே கிடையாது. அதனால மூட்டையைத் தூக்கிப் போட்டுடறாங்க."

"இதோட வேலை என்ன?"

"வேலை ஒண்ணுமில்லீங்க."

"பொறுப்பு?"

"முன்னாடி உக்காந்திருக்கறது."

"எதையாவது செய்யுதா?"

"எதையும் செய்யாது. எங்க போறோம்னும் அதுக்குத் தெரியாது. ஆனா அது முன்னாடி இல்லைன்னா எதுவும் நகராது."

தோன் பால்தசார் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முன்னாடி உக்காந்திருக்கும். எதையும் செய்யாது. அது இல்லாம எதுவும் நகராது," என்று மெதுவாகத் திரும்பச் சொன்னார். "நண்பர்களே, இது வெறும் எழுவாய் இல்ல. இது தலைமைப் பதவி! இருபத்தாறு வருஷமா நான் செய்யறதை இவ்வளவு சுருக்கமா யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்ல."

எவரிஸ்தோ, சிந்திய மணலைக் கையால் கூட்டி மூட்டைக்குள் போட்டார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'இட்' இயக்குநர் தகுதியுடையது, இடைநீக்கம் ரத்து, குடும்பப் பெயர் இல்லாத குறையைப் போக்க இயக்குநரின் குடும்பப் பெயரைச் சேர்த்து 'இட் ரெகேஹோ' என்று பதிவு செய்யப்படும். சான்றிதழில் கையெழுத்து விழுந்தது. மூட்டையை நிறுவனத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடும்படி தோன் பால்தசார் கேட்டார். நாளைக்கு அது தேவைப்படும் என்று எவரிஸ்தோ மறுத்துவிட்டார்.

இப்போது அங்கே புதிய பாடநூல் வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் இயக்குநரின் வண்ணப்படம். கீழே மாதிரி வாக்கியங்கள்: 'தோன் பால்தசார் பெய்கிறார்.' 'தோன் பால்தசார் தாமதமாகிறார்.' 'தோன் பால்தசார் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்.' தேர்ச்சி விகிதம் மாறவில்லை.

அக்டோபர் முதல் தேதி நல்ல மழை. துறையின் கடைசிப் படியில் நான்கு பேர் நின்றார்கள், ஏற்றம் தொடங்கியிருந்தது. எவரிஸ்தோ தூரத்திலிருந்தே கத்தினார்: "வாட்டர் இஸ் ரைசிங்!" நால்வரும் கீழே பார்த்தார்கள், மேல்படிக்குப் போனார்கள். படகு வந்து சேர்ந்ததும், "இட் இஸ் ரெய்னிங்," என்று சொல்லிப் பாய்த்துணியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள்.

"பாஸாயிட்ட சரி. அப்புறம் அது யாருன்னு சொல்லவே இல்லையே?" என்று தொரிந்தா கடையிலிருந்து கேட்டாள்.

எவரிஸ்தோ சுண்ணக்கட்டியால் சுக்கான் பலகையில் எழுதிவைத்திருந்ததைக் காட்டினார். மற்றப் படகோட்டிகளும் இப்போது அதைத்தான் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள்:

'ஆங்கில வாக்கியத்தின் முன்பலகை காலியாக இருக்கக் கூடாது. ஆள் இருந்தால் ஆளை வை. பொருள் இருந்தால் பொருளை வை. இரண்டும் இல்லையென்றால் 'இட்' போடு. அது யார் என்று கேட்காதே.'